ஸ்குரூ நல்லா இருக்கு, எலும்பு கூடலை

2021 தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கடையில் எழுபது பிளவுஸ் வெட்டாமல் கிடந்தன. லைனிங் துணி தீர்ந்துபோனதால் ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை தூறி விட்டிருந்தது. வேகத்தடைக்கு முன்னால் பிரேக் பிடித்ததும் வண்டி வழுக்கி வலது பக்கம் சாய்ந்தது. பெரிய விபத்தெல்லாம் இல்லை. கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. துணி மூட்டை சேறாகிவிட்டதே என்ற கவலையில் எழப் பார்த்தேன். வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, வேறு யாருடைய காலோ மாதிரி கிடந்தது.

டீக்கடையில் நின்றிருந்தவர்கள் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "தொடை எலும்போட கழுத்து உடைஞ்சிருக்கு, இங்க பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். தொடை எலும்புக்குக் கழுத்து இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழலும் பந்துதான் தலை. தலையையும் நீண்ட எலும்பையும் சாய்வாக இணைக்கிற குறுகலான பகுதிதான் கழுத்து.

அடுத்துப் போன பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு செய்தி காத்திருந்தது. சர்க்கரை 260. எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. இன்சுலின் போட்டு அதைக் குறைத்து, மூன்றாம் நாள்தான் ஆபரேஷன் செய்தார்கள். முந்தின ராத்திரி டாக்டர் கட்டிலருகே வந்து சொன்னதை என் மகன் போனில் பதிவு செய்து வைத்திருந்தான். "உங்களுக்கு 52 வயசுதாம்மா. சொந்த எலும்பையே காப்பாத்திப் பார்ப்போம். மூணு ஸ்குரூ போட்டுப் பிடிச்சு வெக்கிறேன். கூடலைன்னா அப்புறம் மூட்டு மாத்திக்கலாம்."

ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவை மறுபடி கேட்டபோதுதான் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. அன்றைக்கு "சொந்த எலும்பு" என்பதோடு என் காது மூடிக்கொண்டுவிட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை, நான்தான் பாதியோடு நின்றுவிட்டேன். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. கோபம் வேறு ஒரு விஷயத்தில் உண்டு, பிறகு சொல்கிறேன்.

ஆபரேஷன் சின்னதுதான். தொடையின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல வெட்டு. சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே மெஷினில் பார்த்தபடியே காலை இழுத்து, திருப்பி, உடைந்த இரண்டு துண்டையும் பொருத்திவிட்டு, முதலில் மெல்லிய கம்பிகளை விட்டு, அந்தக் கம்பிகளின் மேலேயே நடுவில் துளையுள்ள ஸ்குரூக்களை ஓட்டுகிறார்கள். கீழே ஒன்று, மேலே இரண்டு. தலைகீழ் முக்கோணம். நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பார்க்க வந்த எல்லோரும் "பிளேட்டா, ராடா?" என்று கேட்டார்கள். "மூணே மூணு ஸ்குரூ" என்று ஏதோ பரிசு வாங்கிய மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அத்தைக்கு ஸ்குரூமேல் நம்பிக்கை இல்லை, சூப்புமேல்தான். "அம்மிணி, இதக் குடிச்சுப்போட்டுப் படு" என்று தினமும் ஆட்டுக்கால் சூப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் பிரண்டைத் துவையல். எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை சூப்புக்குப் பிறகும் என் ரத்தத்தில் வைட்டமின் டி 11தான் இருந்தது. 20க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். அதை யாரும் ஆபரேஷன் சமயத்தில் பார்க்கவில்லை, ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தார்கள். காலையிலிருந்து இரவுவரை கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு வெயில் எங்கே கிடைக்கும்? எலும்பு முறிந்து படுத்திருக்கிறவர்கள் முதல் வாரமே கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு ரத்தப் பரிசோதனை: வைட்டமின் டி, மூன்று மாதச் சர்க்கரை அளவு காட்டும் எச்பிஏ1சி. என்னுடைய எச்பிஏ1சி 8.4. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்பு கூடுவதும் தாமதம், புண் ஆறுவதும் தாமதம்.

முதல் ஆறு வாரம் வலது காலில் எடை போடக் கூடாது, பாதம் தரையைத் தொட்டால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண் அழகாகச் சொன்னாள். "காலுக்கடியில அப்பளம் இருக்குன்னு நெனச்சுக்குங்க ஆன்ட்டி. தொடலாம், நொறுங்கக் கூடாது." நான் அப்பளத்தை நொறுக்காமல்தான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகன் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்து, வாக்கரைப் பிடித்தபடி அதன்மேல் வலது பாதத்தை வைக்கச் சொன்னான். சும்மா தொட்டுத்தான் வைத்தேன். 24 கிலோ காட்டியது. அப்பளம் அல்ல, அப்பளக் கடையே நொறுங்கியிருக்கும். அன்றிலிருந்து தினமும் காலையில் மெஷின்மேல் கால் வைத்துப் பழகினேன். நாலைந்து நாளில் கையில் எவ்வளவு பாரம் கொடுத்தால் காலில் எவ்வளவு இறங்கும் என்பது பிடிபட்டது. வாக்கரோ ஊன்றுகோலோ கொடுத்து அனுப்பப்படும் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். காலைவிட மனசு நன்றாகப் பொய் சொல்லும்.

பயந்துபோய் காலை முழுசாக அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நடப்பவர்களும் உண்டு. நானும் ஒரு வாரம் அப்படி நடந்தேன். அது இன்னும் மோசம் என்று பிசியோ பெண் சொன்னாள். காலைத் தூக்கியே பிடித்திருக்க இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. அந்த இறுக்கம் முழுக்க மூட்டின் மேல்தான் அழுத்தும். பாதத்தைத் தரையில் வெறுமனே தங்கவிடுவதில் அந்த அழுத்தம் குறைவு. படுக்கையிலேயே இடுப்பைத் தூக்கி பெட்பேன் வைப்பதும் அப்படித்தான். பாதுகாப்பு என்று நாம் நினைக்கிற அந்த வேலையில் இடுப்புமேல் ஏறுகிற சுமை, வாக்கர் பிடித்து நாலடி நடந்து கமோடு நாற்காலியில் உட்காருவதைவிட அதிகமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அதன்மேல் வைத்துச் சமாளித்தோம். முதல் நாளே அதை வாங்காமல் பத்து நாள் பெட்பேன் வைத்தது என் வெட்கத்தால்.

ஆறாம் வாரம் எக்ஸ்ரே. "ஸ்குரூ எல்லாம் நல்லா இருக்கு" என்றார்கள். பன்னிரண்டாம் வாரம், 2022 ஜனவரிக் கடைசியில், மறுபடி எக்ஸ்ரே. அன்று பெரிய டாக்டர் ஊரில் இல்லை. வேறொருவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். "ஸ்குரூ பொசிஷன் நல்லா இருக்கு. வாக்கரை விட்டுட்டு ஸ்டிக் புடிச்சு நடங்க." நானும் சந்தோஷமாக எழுந்து வந்தேன். என் கோபம் இங்கேதான் இருக்கிறது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் கேட்ட கேள்வியே "ஸ்குரூ நல்லா இருக்கா டாக்டர்?" என்பதுதானே.

முப்பது வருடம் துணி தைத்தவளுக்கு இது புரிய இவ்வளவு நாள் ஆனது வெட்கம்தான். பிளவுஸின் கைத் துணியை உடம்புத் துணியோடு சேர்க்கும்போது குண்டூசி குத்திப் பிடித்து வைப்போம். குண்டூசி தையல் இல்லை. தையல் ஓடும்வரை துணி நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. குண்டூசியை நம்பி அந்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று எந்தத் தையல்காரிக்கும் தெரியும். ஸ்குரூவும் அப்படித்தான். எலும்பை அது ஒட்டாது, பிடித்துக்கொண்டிருக்கும். தைக்க வேண்டியது உடம்பு. உடம்பு தைத்து முடிப்பது முந்துமா, தினமும் ஆயிரம் தடவை அசைந்து ஸ்குரூ தளர்வது முந்துமா என்பதுதான் போட்டி. கேட்டிருக்க வேண்டியது, "எலும்பு கூடியிருக்கா? எந்த இடத்துல கூடியிருக்குன்னு படத்துல காட்டுங்க" என்று.

பிப்ரவரியில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. இடுப்பு அல்ல, முழங்கால். தையல் மெஷின் பெடலை அமுக்குவது வலது காலால்தானே, ரொம்ப நாள் கழித்து வேலை செய்வதால் வலிக்கிறது என்று நினைத்தேன். தைலம், ஜெல், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை. முழங்காலுக்கு ஒரு எக்ஸ்ரேகூட எடுத்தோம். "தேய்மானம் லேசா இருக்கு, இந்த வயசுக்கு வர்றதுதான்." இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளில் ஒன்று முழங்காலுக்கும் போகிறதாம். அதனால் இடுப்பில் கோளாறு இருக்கும்போது முழங்காலில் வலி காட்டுவது சர்வசாதாரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இடுப்பில் ஆபரேஷன் ஆனவருக்கு முழங்கால் வலித்தால், முழங்காலோடு சேர்த்து இடுப்பையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில வகை வலி மாத்திரைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம் என்று டாக்டர்களுக்குள் சந்தேகம் உண்டு. அது எப்படியோ போகட்டும், என் விஷயத்தில் மாத்திரை செய்த கெடுதல் வேறு. நான் கவனித்திருக்க வேண்டிய வலியை ஒன்றரை மாதம் மூடி வைத்தது.

இன்னொரு அறிகுறியும் இருந்தது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தொடையின் வெளிப்புறம், தழும்புக்குக் கொஞ்சம் மேலே, புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. தையல் போட்ட இடம் தடித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது என் பேண்ட்தான். மார்ச் மாதம், சுடிதார் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடி முன்னால் நின்றேன். வலது கால் துணி மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. நானே தைத்தது, இரண்டு காலும் 38 அங்குலம். சலவையில் இடது பக்கம் சுருங்கியிருக்குமோ என்று கழற்றி மேஜைமேல் விரித்து அளந்தேன். இரண்டும் 38. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பிறகு கட்டிங் மேஜைமேல் ஏறி மல்லாந்து படுத்து, கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் டேப்பைக் கொடுத்தேன். இடுப்பின் முன்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பிலிருந்து உள் கணுக்கால் மொட்டுவரை. அவள் இடதை அளந்தாள், வலதை அளந்தாள், மறுபடியும் இடதை அளந்தாள். "அக்கா, முக்கா இஞ்சு வருது" என்றாள், ஏதோ தான் தப்பாக வெட்டிவிட்ட மாதிரி குரலில். முக்கால் அங்குலம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர்.

அதற்கு நான் செய்த முதல் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பேண்ட்டுக்கு வலது பக்கம் மட்டும் மடிப்பை முக்கால் அங்குலம் ஏற்றித் தைத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். மகன்தான் கண்டுபிடித்து, கோயம்புத்தூரில் வேறொரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான்.

அந்த டாக்டர் முதலில் கேட்டது, "பழைய படமெல்லாம் இருக்கா?" நல்லவேளை, பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். விழுந்த அன்று எடுத்தது, ஆபரேஷன் முடிந்த மறுநாள் எடுத்தது, ஆறாம் வாரம், பன்னிரண்டாம் வாரம், அன்று எடுத்த புதுசு. ஐந்தையும் வரிசையாக விளக்குப் பெட்டியில் மாட்டினார். தனித்தனியாகப் பார்த்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. வரிசையாகப் பார்த்தபோது தையல்காரிக் கண்ணுக்கே தெரிந்தது. ஸ்குரூவின் தலைகள் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தன. கழுத்து ஒவ்வொரு படத்திலும் குட்டையாகிக்கொண்டே போனது. தொடையில் தட்டுப்பட்ட புளியங்கொட்டை ஸ்குரூவின் தலை. இதெல்லாம் நடந்த பிறகும், உடைந்த கோடு ஐந்தாவது படத்தில் கறுப்பாக அப்படியே இருந்தது.

ஸ்குரூ சில மில்லிமீட்டர் பின்வாங்குவது தவறில்லை என்று அவர் விளக்கினார். உடைந்த துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி அமுக்கிக்கொள்ள அது வழிவிடுகிறது, அதற்காகத்தான் மூன்றையும் இணையாகப் போடுகிறார்கள். நெருங்கி ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். என்னுடையது நிற்கவில்லை. ஆறாம் வாரப் படத்திலேயே ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டாம் வாரம் எடுத்தது நேர்ப்படம் மட்டும், பக்கவாட்டுப் படம் இல்லை. பக்கவாட்டில் எடுக்காவிட்டால் தலை முன்னாலோ பின்னாலோ சரிந்திருப்பது தெரியாது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கோணத்திலும் படம் கேட்டு எடுங்கள், படத்தை எடைக்குப் போடாதீர்கள் என்பதை நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ஏன் இந்த இடம் மட்டும் இப்படிப் படுத்துகிறது? முன்கை உடைந்தால் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு புது எலும்பைச் சுரந்து உடைந்த இடத்தைச் சுற்றிக் கட்டிவிடும். தொடைக்கழுத்துக்கு அந்தச் சவ்வின் உதவி கிட்டத்தட்ட இல்லை. அது மூட்டு உறைக்குள் மூட்டு நீரில் நனைந்தபடி இருக்கிறது. உள்ளேயிருந்துதான் கூட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் ரத்தம். தலைக்குப் போகிற முக்கியமான ரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டியே மேலே ஏறிப் போகின்றன. கழுத்து உடைந்து விலகும்போது அவையும் கிழிந்துவிடலாம். அப்போது எலும்பு கூடினாலும்கூட, தலை ரத்தமில்லாமல் உள்ளுக்குள் செத்து, சில மாதங்களோ இரண்டு வருடமோ கழித்து நசுங்கலாம். கூடாமல் போவது ஒரு சிக்கல், தலை சாவது இன்னொரு சிக்கல், இரண்டும் சேர்ந்தும் வரும். கூடிவிட்டது என்று சொல்லப்பட்டவர்களும் இரண்டு மூன்று வருடம் படம் எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

உடைந்த கோட்டின் சாய்வும் ஒரு காரணம். அது படுக்கையாக இருந்தால் உடம்பின் எடை இரண்டு துண்டையும் சேர்த்து அழுத்தும். செங்குத்தாக இருந்தால் அதே எடை ஒன்றின்மேல் ஒன்றை வழுக்கச் செய்யும். பாவெல்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் 1935லேயே இந்தக் கோணத்தை வைத்து மூன்று வகை பிரித்திருக்கிறார். 50 டிகிரிக்கு மேல் போனால் மூன்றாம் வகை, அதுதான் மோசமானது. என்னுடையது அந்த வகை. வெட்டுத் துணியை நேர்நூலில் இணைப்பதற்கும் குறுக்கு நூலில் இணைப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று நான் எனக்குப் புரிகிற பாஷையில் எடுத்துக்கொண்டேன்.

"மூணு நாள் தள்ளிப்போனதாலதான் இப்படி ஆச்சா?" என்று என் கணவர் கேட்டார். சர்க்கரையை நான்தான் கவனிக்காமல் விட்டேன் என்ற குற்ற உணர்ச்சி எனக்கு, என்னைச் சீக்கிரம் கொண்டுபோகவில்லை என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு. எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, ஆனால் துண்டுகள் எவ்வளவு சரியாகப் பொருந்தின என்பது முக்கியம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்றார் டாக்டர். பிறகு ஒரு கணக்கு சொன்னார். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. 50 வயதும் அதற்கு மேலும் ஆன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு என்னைப்போல ஸ்குரூக்கள், இன்னொரு பிரிவுக்குப் பக்கவாட்டுப் பிளேட்டோடு சேர்ந்த ஒரே பெரிய ஸ்குரூ. இரண்டு வருடத்துக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் முதல் பிரிவில் 22 சதவீதம், இரண்டாவதில் 20 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தில் ஒருவர் என்று சொல்லலாம். அந்த எண்ணைக் கேட்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. யாரோ தப்பு செய்ததால் மட்டும் வருவதில்லை இது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு வரக்கூடியது என்று முதலிலேயே என் மண்டையில் ஏறியிருந்தால், பேண்ட்டை மடித்துத் தைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்திருக்க மாட்டேன்.

சிடி ஸ்கேனில் எலும்பு கூடவில்லை என்பது உறுதியானது. ஸ்குரூ டைட்டானியம் என்பதால் எம்ஆர்ஐயும் ஓரளவு தெளிவாக வந்தது. தலையில் ஒரு பகுதிக்கு ரத்தம் இல்லை, மேல்பக்கம் தட்டையாக ஆரம்பித்திருந்தது.

வழிகள் மூன்று இருந்தன. தலை உயிரோடு இருந்து, வயதும் குறைவாக இருந்தால், தொடை எலும்பைக் கீழே ஆப்பு வடிவத்தில் வெட்டி, சாய்வை மாற்றிப் பிளேட் போடுவார்கள். வழுக்கும் எடை அப்போது அழுத்தும் எடையாக மாறிவிடும். அதே பாவெல்ஸின் யோசனைதான். அல்லது காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து உடைந்த இடத்துக்குள் செருகிப் புது ஸ்குரூ போடுவார்கள். அல்லது முழு மூட்டு மாற்று. பிசியோதெரபி அறையில் என்னோடு பயிற்சி செய்த 29 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் வழியில் செய்து கூடிவிட்டது. எனக்கு, தலை சாக ஆரம்பித்துவிட்டதால், மூட்டு மாற்றுதான் என்றார். மேலும் இரண்டு பேரிடம் கேட்டோம், இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

உடனே செய்யவில்லை. எனக்கு இது பிடித்திருந்தது. சர்க்கரையைக் குறைக்க ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்கள். வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரை. இஎஸ்ஆர், சிஆர்பி என்று இரண்டு ரத்தப் பரிசோதனை. எலும்பு கூடாததற்கு உள்ளே புகைந்துகொண்டிருக்கும் கிருமியும் காரணமாக இருக்கலாம், அதோடு புது மூட்டை வைத்தால் எல்லாம் பாழ். ஸ்குரூ போட்டுத் தோற்ற இடுப்பில் மாற்று மூட்டு வைப்பது, புதிதாக உடைந்த இடுப்பில் வைப்பதைவிடக் கடினம், கிருமி சேர்வதற்கும் மூட்டு நழுவுவதற்கும் வாய்ப்பு கூடுதல் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கார்டு இருந்ததால் பணக்கவலை குறைந்தது. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம்வரை கிடைக்கிறது. அனுமதி வர நாள் ஆகும், சிடி அறிக்கையும் பழைய டிஸ்சார்ஜ் தாளும் ஒரிஜினல் கேட்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூனில் ஆபரேஷன். புது மூட்டு வைத்ததைவிடப் பழைய ஸ்குரூவை எடுத்ததுதான் பெரும்பாடு என்றார் டாக்டர். மூன்றில் ஒன்றின் தலைக்குள் இருந்த பள்ளம் தேய்ந்து, திருப்புளி பிடிக்காமல் வழுக்கியதாம். தையல் மெஷினில் இப்படி ஒரு ஸ்குரூவோடு நானே அரைநாள் போராடியிருக்கிறேன், அதனால் அவர்மேல் அனுதாபமே வந்தது. எடுத்த ஸ்குரூக்களைக் கேட்டு வாங்கி வந்தேன். பட்டன் டப்பாவில் இருக்கின்றன.

மறுநாளே முழு எடை போட்டு நடக்கச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எட்டு மாதம் அப்பளத்தின்மேல் நடந்த காலுக்கு, தரை என்பது மறந்துபோயிருந்தது. இடது கையில் கைத்தடி கொடுத்தார்கள். வலது இடுப்புக்கு இடது கையா என்று சந்தேகப்பட்டேன். அதுதான் சரி. நடக்கும்போது எதிர்க் காலும் எதிர்க் கையும்தானே சேர்ந்து முன்னால் போகின்றன? மேலும், எதிர்க் கையில் ஊன்றும்போது அந்த இடுப்புத் தசைகள் இழுக்க வேண்டிய பாரம் நன்றாகக் குறைகிறது. வலி இருக்கிற பக்கமே தடியைப் பிடித்துச் சாய்ந்து நடப்பவர்களை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இப்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை, போய்ச் சொல்லிவிடுகிறேன். முறைக்கிறார்கள்.

சம்மணம் போடுவதில்லை, குந்துவதில்லை. பந்தியில் எனக்கு மட்டும் நாற்காலி. டாய்லெட்டை மாற்றிக் கட்டிவிட்டோம். தையல் மெஷினில் பெடலை இடது பக்கமாக நகர்த்தி வைத்து ஓட்டப் பழகினேன். தீபாவளி நெருங்கும்போது மாலையில் தொடை கனக்கிறது, அப்போது எழுந்து கடைக்குள்ளேயே நாலு சுற்று நடக்கிறேன். வருடம் ஒரு முறை படம் எடுக்கிறேன், இரண்டு கோணத்திலும். பீரோவுக்குப் பின்னால் இப்போது பதினோரு படம்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். அவருடைய அம்மா வழுக்கி விழுந்து, மூன்று ஸ்குரூ போட்டு, ஏழு வாரம் ஆகிறதாம். "நல்லா இருக்காங்கக்கா, ஸ்குரூ எல்லாம் கரெக்டா இருக்குன்னுட்டாங்க. முட்டி மட்டும்தான் கொஞ்சம் வலிங்கறாங்க." அளவு எடுத்துக்கொண்டிருந்த டேப்பை அவர் கையிலேயே கொடுத்தேன். எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்று என் காலிலேயே காட்டினேன். இரண்டு காலும் சமமாக இருந்தாலும் விட்டுவிடாமல், நாளைக்கே பழைய படங்களோடு போய் இடுப்பைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னேன்.

ஆபரேஷனில் என் காலின் நீளத்தைச் சரிசெய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து முதல் தடவை சுடிதார் போட்டபோது வலது கால் துணி கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. மடித்துத் தைத்த அந்த இரண்டு பேண்ட்டையும் பிரித்து, முக்கால் அங்குலம் இறக்கி மறுபடி தைத்தேன்.